எண்ணெயை விட்டார், டிரைகிளிசரைடு ஏறியது! உங்கள் வீட்டில் எப்படி?

ஈரோட்டு மருமகள்:

மாமாவுக்கு 68 வயசு. போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு 220 என்று வந்தது. 150-க்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் கொழுப்பு என்று காதில் விழுந்ததுமே மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தோசைக்கல்லில் எண்ணெய் விடக்கூடாது, குழம்புக்குத் தாளிப்பு கூடாது, தேங்காய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. கொங்கு வீட்டில் தேங்காய் இல்லாமல் அத்தை என்னதான் சமைப்பார்? கடலை வறுத்தால்கூட "அதெல்லாம் கொழுப்பும்மா, எனக்கு வேண்டாம்" என்று தட்டை நகர்த்திவிடுவார்.

சில மாதம் கழித்துப் பார்த்தால் 290.

மாமா லேப்பைத்தான் சந்தேகப்பட்டார். இன்னொரு லேப்பிலும் கிட்டத்தட்ட அதே எண். அப்புறம்தான் ஒரு உணவு ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். அந்தப் பெண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இதுதான்: "எண்ணெயை விட்டீங்க சரி, அந்த இடத்துல என்ன வந்துச்சு?"

அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. நாலு இட்லி ஆறாகியிருந்தது. எண்ணெய் இல்லாத பொரியல் வாய்க்குப் பிடிக்காமல் ரசம் சோறு இரண்டு முறை. பசி தாங்காமல் பதினோரு மணிக்குச் சாத்துக்குடி ஜூஸ். சாயங்காலம் டீயில் நாட்டுச்சர்க்கரை, கூட நாலைந்து ரஸ்க். ஜூஸும் நாட்டுச்சர்க்கரையும் உடம்புக்கு நல்லது என்று வேறு எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சோறு, இட்லி, ரஸ்க் எல்லாமே குடலில் கடைசியில் குளுக்கோஸாகத்தான் உடைகின்றன. அன்றைய தேவை போக மீதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சேமிப்பாகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கொள்ளும், தசைகளில் ஒரு 400 கிராம். உழைப்பு இல்லாத உடம்பில் அந்தக் குதிர் சீக்கிரம் நிரம்பிவிடும். அதன் பிறகும் மாவுச்சத்து வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பும். அந்தக் கொழுப்புக்குத்தான் டிரைகிளிசரைடு என்று பெயர். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேருவதால் ஜூஸும் நாட்டுச்சர்க்கரையும் இந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். மாமா குடிப்பதில்லை. குடிப்பவர்களுக்கு மதுவும் இதே கணக்கில் சேரும் என்றார்.

எங்கள் வீட்டில் கொழுப்புச் சாப்பிட்டால்தான் கொழுப்பு, சர்க்கரை சாப்பிட்டால்தான் சர்க்கரை என்று ரொம்ப நேர்க்கோட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பு அந்தக் கணக்கில் நடக்கவில்லை.

இப்போது தாளிப்பு திரும்பி வந்துவிட்டது, அளவாக. சோறு பாதியானது. அந்த இடத்தில் பொரியல், தட்டைப்பயறு, முட்டை. ஜூஸ் போய்ப் பழமாகவே சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்ததில் 165. நடுவில் நடைப்பயிற்சியும் தொடங்கியதால் முழுப் பெருமையையும் சாப்பாட்டுக்குக் கொடுக்க முடியாது. உங்கள் வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

செக்குக்கடை அண்ணாச்சி:

நடக்காமல் என்ன? தென்காசிப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம், தினமும் இந்தப் பேச்சுதான். "அண்ணாச்சி, செக்கு எண்ணெயில கொழுப்பே கிடையாதாமே?" என்று கேட்பார்கள். நான் வியாபாரி, ஆமாம் என்று தலையாட்டினால் கூட ஒரு லிட்டர் போகும். ஆனாலும் மனசு கேட்பதில்லை. செக்கோ ரீஃபைண்டோ, எண்ணெய் என்றால் முழுக்க முழுக்கக் கொழுப்புதான். ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4. குழம்புக்கரண்டியில் எண்ணெய் விடும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வித்தியாசம் கொழுப்பின் வகையில் இருக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் அப்படியே இருக்கும், பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதனால்தான் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிறது. நல்லெண்ணெயில் அது 15 சதவீதம் அளவுதான், கடலை எண்ணெயில் 20-க்குள். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். தேங்காய் எண்ணெய் விற்கிற நானே சொல்கிறேன், எல்லாச் சமையலுக்கும் அது ஒன்றையே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிதாகப் போடுவார்கள். கொலஸ்ட்ரால் முட்டை, இறைச்சி, நெய் போன்றவற்றில் இருக்கிற சமாச்சாரம். கடலையிலும் எள்ளிலும் அது எப்படி வரும்? என் கடை டின்னிலும் அப்படி எழுதச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். சிரித்துவிட்டு அனுப்பினேன்.

இன்னொன்றும் அடிக்கடி கேட்பார்கள். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறீர்களே, சர்க்கரைக்காரர்கள் அந்த எண்ணெயைச் சாப்பிடலாமா என்று. சர்க்கரை எண்ணெயில் கரையாது. கருப்பட்டியின் இனிப்பு பிண்ணாக்கோடுதான் போகும். மாட்டுக்குத்தான் யோகம்.

பேலியோ பழனிச்சாமி:

நான் எதிர்ப்பக்கம் போய் வந்தவன். சோறு, சப்பாத்தி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி முட்டை, கறி, பாதாம், வெண்ணெய் என்று இருந்தேன். முதல் வாரத்திலேயே எடை இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கியது. பேலியோ குழுவில் எல்லோரும் கொண்டாடினார்கள். மேலே மருமகள் சொன்ன கிளைகோஜன் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. முதலில் இறங்கிய எடையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான், தொப்பை பிறகு மெதுவாகத்தான் குறைந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் மறுநாளே எடை ஏறுவதும் இதே காரணத்தால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் வந்த தலைவலிக்குக் காரணம் உப்புக் குறைவு. மாவுச்சத்து இல்லாமல் இன்சுலின் குறைந்ததும் சிறுநீரில் உப்பு அதிகம் போய்விடுகிறது. குளுக்கோஸ் இல்லாமல் மூளை எப்படி வேலை செய்யும் என்று அம்மா பயந்தார். கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரித்துக் கொடுக்கும், மூளை பெரும்பாலும் அதில் ஓடும். எனக்கு டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியது உண்மை. எல்.டி.எல். ஏறியதும் உண்மை. எல்லோருக்கும் ஏறுவதில்லை, எனக்கு ஏறியது. டாக்டர் வெண்ணெயையும் கறிக்கொழுப்பையும் குறைக்கச் சொன்னார். இப்போது தினம் ஒரு வேளை சோறு உண்டு.

தினைப்பொங்கல்:

என் பெயரைப் பார்த்தே என்ன எழுதப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆனால் சிறுதானியத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. அரிசிக்குப் பதில் தினை, வரகு, கேழ்வரகு என்று வீடே மாறியது. 'சிறுதானியம்தானே' என்று அளவும் கூடியது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பதால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்போம். அரிசிப் பொங்கலுக்கும் தினைப் பொங்கலுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் சோற்றைவிட ஏறுகிற நாளும் உண்டு. மாவு நைஸாக, நீர்க்க இருந்தால் செரிமானம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சிறுதானியங்களில் 60 முதல் 70 வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் கால்சியம் மிக அதிகம். அந்த வகையில் லாபம்தான். ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட்டால் அந்த லாபம் எங்கே நிற்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025-ல் வந்தன. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றிக்கொண்டாலும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. பருப்பு, பால் மாதிரிப் புரதம் அந்த இடத்துக்கு வந்தால்தான் பலன். எங்கள் வீட்டு மீட்டரும் அதைத்தான் சொன்னது.

இப்போது அம்மா பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருகிறார். இந்த வரிசை மாற்றத்துக்கே எண் குறைகிறது. பழைய வழக்கத்தில் ஊறியவர் என்பதால் "பருப்பை யாராச்சும் வெறுமனே திம்பாங்களா" என்று தினமும் ஒருமுறை திட்டுவார்.

குட்டிப்பாப்பா அம்மா:

ஒரு சின்னக் குறிப்பு மட்டும். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டுப் பாப்பாவின் பருப்புச் சாதத்தில் நெய்யை நிறுத்தலாமா என்று குழந்தை டாக்டரிடம் கேட்டேன். நிறுத்தவே கூடாது என்றார். வயிறு சின்னது, கொஞ்சம் உணவிலேயே நிறைய ஆற்றல் கிடைக்க வேண்டும், மூளை வளர்ச்சிக்கும் கொழுப்பு தேவை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கூட எண்ணெயோ நெய்யோ வேண்டும். கேரட்டையும் கீரையையும் வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் நாத்தனாருக்கு இதைச் சொன்னேன், மறுநாளிலிருந்து அவர் வீட்டிலும் தாளிப்பு.

நர்ஸ் அக்கா:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே சோற்றைப் பாதியாக்கினால், போடுகிற சர்க்கரை மாத்திரையையும் யோசியுங்கள் என்று சொல்லவே வந்தேன். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போடுபவர்கள் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் லோ சுகர் ஆகும். அப்படி ஒரு பெரியவரை மகன் ஆட்டோவில் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். மீட்டரில் 48. வீடியோ பார்த்துச் சோற்றை நிறுத்தியிருக்கிறார். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார்.

வரும் வழியில் மகன் சாக்லேட் வாங்கிக் கொடுத்திருந்தார். பாசத்தில் செய்ததுதான், ஆனால் அவசரத்துக்கு அது உதவாது. சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதையே தாமதப்படுத்தும், சர்க்கரை ரத்தத்துக்கு வர நேரமாகும். சாதாரண நாளில் சோற்றோடு பருப்பும் கொஞ்சம் நெய்யும் இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறுவதும் இதனால்தான். லோ சுகரில் அந்த மெதுவே ஆபத்து. வெறும் சர்க்கரையோ குளுக்கோஸோ 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அந்தப் பெரியவருக்கு டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டுத்தான் சோற்றைக் குறைக்கச் சொன்னார். உங்கள் மாமா என்ன மாத்திரை போடுகிறார், மருமகளே?