இக்காரஸ் 280 பஸ்ஸில் இன்ஜின் எங்கே இருக்கு?

காட்பாடிப் பையன்:
அக்கா புடாபெஸ்ட்டில் படிக்கிறா. அங்க ஹங்கேரி கம்பெனி இக்காரஸ் செஞ்ச ஒரு பழைய 280 பஸ்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருக்கா. நடுவுல துருத்தி போட்ட நீட்டு வண்டி. டிரைவர் பக்கத்துல பானட்டே இல்ல. பின்னாடியும் இன்ஜின் இருக்கிற மாதிரி தெரியல. அப்போ எங்கதான் இருக்கு?

பஸ்பிரியன்:
தரைக்கு அடியில. 16.5 மீட்டர் நீளம். 1973லேர்ந்து 2002 வரைக்கும் அறுபதாயிரம் வண்டிக்கு மேல செஞ்சாங்க. நிறைய சோவியத் ஊர்களுக்குத்தான் போச்சு.

பாலாறு மெக்கானிக்:
தம்பி, நான் வேலூர்ல 31 வருஷம் டிப்போ மெக்கானிக். நம்ம வண்டியில இன்ஜின் டிரைவர் பக்கத்துல நிக்கும். சித்திரை மாசம் ஆரணிக்கு ஒரு நடை போய் வந்தா இடது கால் வெந்துபோச்சும்பாங்க டிரைவருங்க.

இக்காரஸ்காரங்க இன்ஜினைப் படுக்க வச்சுட்டாங்க. ரபா கம்பெனி, ஜெர்மனியோட மான் (MAN) கம்பெனி லைசென்ஸ்ல செஞ்ச ஆறு சிலிண்டர் டீசல், பத்து லிட்டருக்கு மேல. முன் ஆக்சிலுக்கும் நடு ஆக்சிலுக்கும் இடையில, சிலிண்டரெல்லாம் பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடக்கும். மேல தரை முழுக்க ஜனங்களுக்குத்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, நடு ஆக்சில் இழுக்குது பாரு, அதுதான். பின்பெட்டி, தாய்ப்பசு பின்னாடி வர்ற கன்னுக்குட்டி மாதிரி கூடவே வரும். கடைசியில இன்ஜின் வச்சுத் தள்ளுற நீட்டு பஸ்ஸுல, ஈர ரோட்டுல ஜாயின்ட் மடங்கிக்கப் பார்க்கும். அதை அடக்கத் தனி ஏற்பாடு வேணும். இதுக்கு வேணாம்.

காட்பாடிப் பையன்:
அப்படின்னா ஏன் ஐயா நிறுத்திட்டாங்க?

பாலாறு மெக்கானிக்:
தரை உசரம், தம்பி. அடியில இன்ஜின் இருந்தா தரையை எப்படி இறக்குவ? முட்டிவலிக்காரங்க, குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்க ஏறத் திணறுவாங்க. தாழ்தள பஸ் வந்தப்புறம் இந்த அமைப்புக்கு இடமில்லாம போச்சு. அது நியாயம்தான். ஆனா டிசைனர் லாஸ்லோ ஃபின்டா வரைஞ்ச அந்தப் பெரிய ஜன்னலும் நேர்க்கோடும் இன்னிக்கும் பழசாத் தெரியல.

பஸ்பிரியன்:
நம்ம ஊர்ல ஓடுமா ஐயா?

பாலாறு மெக்கானிக்:
வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவுல திரும்பிடும். லாங் பஜாருக்குள்ள விடவே கூடாது. தம்பி, அக்கா அடுத்த தடவை அந்த பஸ்ஸைப் பார்த்தா, துருத்திக்குள்ள தரையில இருக்கிற வட்டத் தட்டைப் படம் எடுக்கச் சொல்லு. வண்டி வளையறப்ப அதுமேல நிக்கிறவங்களும் சேர்ந்து திரும்புவாங்க. அதை நான் பார்க்கணும்.