தோட்டத்தில் மர அறை: 8,000 பவுண்டுக்குள் குளிர் தாங்குமா?

ஹாரோக்காரன்:

வணக்கம். லண்டன் ஹாரோவில் டெரஸ் வீடு. எனக்கும் மனைவிக்கும் வீட்டிலிருந்தே வேலை. நான் மீட்டிங்கில் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் குக்கர் விசில் அடிக்கும். தோட்டத்தின் கடைசியில் 4 மீட்டருக்கு 3 மீட்டரில் ஒரு மர அறை போடலாம் என்று பார்க்கிறேன். ஒரு கம்பெனியிலிருந்து வந்து அளந்து பார்த்துவிட்டு 24,000 பவுண்ட் என்றார்கள். கையில் இருப்பது 8,000. தச்சு அனுபவம் என்று சொன்னால், ஐகியா அலமாரி பூட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சுவருக்குக் குளிர் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை, அதாவது பிஐஆர் பலகை, 50 மி.மீ. போதுமா, 100 வேண்டுமா? எதில் மிச்சம் பிடிக்கலாம்? ஜனவரியிலும் உள்ளே உட்கார வேண்டும். கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்தால் அங்கேயே படுத்துக்கொள்ளட்டும் என்றும் ஒரு யோசனை. தோட்டத்தின் அகலம் 6 மீட்டர்.

ஆசாரி மகன், குரோய்டன்:

தம்பி, பலகையை அப்புறம் பார்க்கலாம். முதலில் உயரக் கணக்கைப் போடுங்கள். வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கவுன்சிலிடம் திட்ட அனுமதி வாங்க வேண்டும். உங்கள் 6 மீட்டர் தோட்டத்தில் 4 மீட்டர் அறையை எங்கே வைத்தாலும் இந்த விதி பிடிக்கும். நிலம் சரிவாக இருந்தால் அறையை ஒட்டிய உயர்ந்த பக்கத்திலிருந்து அளக்கலாம், அதில் கொஞ்சம் லாபம் உண்டு.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் மரம் வாங்கினேன். தரைக்கு 150 மி.மீ. சட்டம், கூரைக்கு 150, அதன் மேல் சரிவுக்கு ஆப்புக்கட்டை. எல்லாம் போக உள்ளே மிஞ்சிய உயரத்தில் விளக்கு மாட்டினால் என் தலையில் இடிக்கும். தரையைப் பிரித்துத் திரும்பவும் போட்டேன்.

இப்போது கட்டினால் இப்படிச் செய்வேன். அடியில் 50 மி.மீ. காற்றிடம், 100 மி.மீ. தரைச் சட்டம், 18 மி.மீ. ஓஎஸ்பி பலகை (மரச் சீவலை அழுத்திச் செய்தது): 168. மேலே 150 மி.மீ. கூரைச் சட்டம், 18 ஓஎஸ்பி, உள்ளே 12 ஜிப்சம் பலகை: 180. கூரை மேல் போடும் ரப்பர் விரிப்பின் விளிம்புக்கு 30 விட்டாலும் உள்ளே முன்பக்கம் 2.12 மீட்டர் நிற்கும். ஆப்புக்கட்டையே வேண்டாம், பின்சுவரை முன்சுவரைவிட 75 மி.மீ. குறைத்துவிடுங்கள். 3 மீட்டர் ஆழத்துக்கு 40க்கு 1 சரிவு வந்துவிடும், தண்ணீர் நிற்காது. 100 மி.மீ. தரைச் சட்டம் தொய்யாமல் இருக்க நடுவிலும் ஒரு வரிசை தாங்கல் கொடுங்கள், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. அடியில் மண்ணைச் சுரண்டிவிட்டு ஜல்லி பரப்புங்கள். சுற்றிலும் கம்பிவலை அடிக்காவிட்டால் எலி குடிவரும், என் அனுபவம்.

4க்கு 3 என்பது நல்ல அளவு. மூலைவிட்டம் சரியாக 5 மீட்டர். சட்டத்தை முடுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டும் 5 வந்தால் மூலை சரி. எங்கப்பா மூலைமட்டத்தை நம்பமாட்டார், கயிறு பிடித்து இதைத்தான் பார்ப்பார்.

பின்சுவரைத் தரையில் படுக்கவைத்தே வெளிப்பலகை வரை அடித்து முடித்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு வேலிக்கும் சுவருக்கும் நடுவில் சுத்தியல் ஓங்க இடமிருக்காது.

மழைக்காகம், லெஸ்டர்:

அண்ணன் சொன்ன உயரக் கணக்கிலேயே உங்கள் பலகைக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிஐஆர் விலை கூடியது, ஆனால் குறைந்த தடிமனில் நிறையக் குளிரைத் தடுக்கும். தடிமனுக்குப் பஞ்சம் தரையிலும் கூரையிலும்தான், அங்கே போடுங்கள். கூரையில் 100 மி.மீ. போட்டால் 150 சட்டத்துக்குள் மேலே 50 காற்றிடம் மிஞ்சும். அதை அடைக்காதீர்கள், முன்னும் பின்னும் காற்று போய் வரட்டும்.

சுவரில் எப்படியும் 100 மி.மீ. சட்டம் நிற்கப்போகிறது. அதில் 50 பிஐஆர் வைத்துப் பாதியைக் காலியாக விடுவதைவிட முழுக்கக் கனிமக் கம்பளியை (கல்லிலோ கண்ணாடியிலோ செய்த பஞ்சு) அடையுங்கள். பிஐஆரின் வெப்பக் கடத்துதிறன் 0.022, நல்ல கம்பளிக்கு 0.035. தடிமனை மீட்டரில் எடுத்து 0.05ஐ 0.022ஆல் வகுத்தால் 2.27, 0.1ஐ 0.035ஆல் வகுத்தால் 2.86. எண் கூடக் கூடக் குளிர் தடுப்பும் கூடும். விலையும் குறைவு, குக்கர் சத்தமும் அடங்கும். பலகையை ரம்பத்தால் அறுத்துப் பொருத்தும்போது விரல் நுழையும் இடுக்கு விழும், ஒவ்வொன்றையும் நுரை அடித்து மூட வேண்டும். கம்பளியை ஒரு சென்டிமீட்டர் அகலமாக வெட்டி அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும். மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், இல்லாவிட்டால் அன்று இரவு முழுக்க அரிப்புத்தான்.

ஒரே ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பளிக்கு உட்புறம், ஜிப்சம் பலகைக்கு முன்னால், நீராவி தடுக்கும் பாலித்தீன் விரிப்பு கட்டாயம். பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்க்கிறதல்லவா? நாம் விடும் மூச்சும் டீயின் ஆவியும் சுவருக்குள் போய்க் குளிர்ந்த மரத்தில் அப்படித்தான் படியும். நான் முதல் அறையில் இதை விட்டுவிட்டேன். இரண்டாவது குளிர்காலம் முடிந்து ஒரு பலகையைக் கழற்றினால் உள்ளே மரம் கரிப்பிடித்த அடுப்பு மாதிரி கறுத்திருந்தது. சுவிட்சுப் பெட்டிக்கு ஓட்டை போட்ட இடத்தையெல்லாம் டேப் ஒட்டி மூடுங்கள். வெளிப்பக்கம் அதற்கு நேர்மாறு: ஆவியை வெளியே விடும் துணி, அதன் மேல் 25 மி.மீ. மரப்பட்டி, அப்புறம் வெளிப்பலகை.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

அம்மாவை அங்கே படுக்கவைக்கும் யோசனையை விட்டுவிடு தம்பி. 15 சதுர மீட்டருக்குள் இருக்கும் அறைக்குக் கட்டட விதிகள் பெரும்பாலும் பொருந்தாதுதான், ஆனால் அதில் யாரும் படுக்கக்கூடாது என்பது நிபந்தனை. பாதி ராத்திரியில் பாத்ரூம் போக அவர் ஈரப் புல்லில் நடக்கவேண்டுமா என்றும் யோசி.

கரண்டில் கைவைக்காதே. மின்சாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து சான்றிதழ் வாங்கிவிடு. கவசக் கேபிளுக்கான பள்ளத்தை எவ்வளவு ஆழம் என்று அவரிடமே கேட்டு நீயே வெட்டி வை, ஒரு நாள் கூலி மிச்சம். கதவு ஜன்னலைப் பழசாக வாங்கு, ஆனால் சட்டம் அடிக்கும் முன்பே வாங்கிவிடு. நாங்கள் வாங்கிய கண்ணாடிக் கதவு நிலையோடு சேர்த்து 2.09 மீட்டர், விட்டிருந்த இடம் 2.05.

ஹாரோக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், தோட்டம் கடைசியை நோக்கி 12 சென்டிமீட்டர் இறங்குகிறது, அப்பாடா. அம்மாவுக்கு எங்கள் படுக்கையறை, நாங்கள் ஹால் சோபாவில். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணா, அந்தக் கம்பிவலைக் கண்ணி எவ்வளவு சின்னதாக இருக்கவேண்டும்?

ஆசாரி மகன், குரோய்டன்:

6 மி.மீ. சுண்டெலி பேனா நுழையும் ஓட்டையிலும் நுழையும்.