புத்தகம் சேர்ப்பவர்கள் சங்கம்: அந்தக் காலத்தில் எப்படி நடத்தினார்கள்?

கீழக்கரைவாசி:
காக்காமார்களே, லாத்தாமார்களே, வாப்பா விட்டுப்போன இரண்டு மரப்பெட்டி நிறைய அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கிதாபுகள் என்னிடம் இருக்கின்றன. மாலை, முனாஜாத்து என்று ஓதுகிற பக்திப் பாட்டுகள், எல்லாம் பழைய கல்லச்சு (கல்லில் எழுதி அச்சிட்டது). உப்புக்காற்றில் ஓரம் பழுத்து, புரட்டினாலே உதிர்கிறது. ஏர்வாடியிலும் பெரியபட்டினத்திலும் இதேபோல் வைத்திருப்பவர்களைத் தெரியும், ஒரு சங்கமாகச் சேரலாமா என்று பேச்சு. லண்டனில் 200 வருடமாக ஒன்று நடக்கிறதாமே, அது எப்படி நிலைத்தது?

தொண்டி வாசகர்:
தம்பி, அது ராக்ஸ்பர்க் கிளப். ராக்ஸ்பர்க் பிரபு இறந்தபின் 1812இல் அவருடைய நூலகம் ஏலத்துக்கு வந்தது. 1471இல் வெனிஸில் அச்சான, பொக்காச்சியோ என்ற இத்தாலியரின் டெகாமரன் கதைத்தொகுப்புப் பிரதி ஒன்று 2,260 பவுண்டுக்குப் போனது, அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத விலை. அது ஏலம் போன ஜூன் 17 அன்று இரவே டிப்டின் என்ற பாதிரியார் ஏற்பாட்டில் புத்தகப் பிரியர்கள் விருந்துக்குக் கூடினார்கள், அப்படித்தான் ஆரம்பம். ஏலத்தில் தோற்ற ஸ்பென்சர் பிரபுதான் முதல் தலைவர். அதே பிரதி 1819இல் மறுபடி ஏலத்துக்கு வந்து 918 பவுண்டுக்குப் போய், கடைசியில் அவர் கைக்கே வந்து சேர்ந்தது!

ஆனால் சாப்பாட்டுக்காக மட்டும் கூடியிருந்தால் என்றோ கலைந்திருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் அரிய நூலையோ கையெழுத்துப் பிரதியையோ தன் செலவில் அச்சிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வழக்கம் வைத்தார்களே, அதுதான் அதைத் தாங்கியது. நம் கரைக்கும் அதுதான் பொருந்தும், ஏனென்றால் இந்தக் காற்றில் ஒற்றைப் பிரதி எத்தனை நாள் தாங்கும்? சேர்கிறவர் ஆளுக்கொரு கிதாபை ஸ்கேன் செய்து பத்துப் பிரதியாவது போட வேண்டும், அதை முதல் விதியாக வையுங்கள்.

பாம்பன் வாசகி:
பெண்களையும் சேருங்கள். நியூயார்க்கில் புத்தகப் பிரியர்கள் 1884இல் தொடங்கிய க்ரோலியர் கிளப் 1976 வரை பெண்களைச் சேர்க்கவில்லை, அதனால் 1944இல் பெண்களே தனியாக ஹ்ராஸ்விதா கிளப் தொடங்கினார்கள். அரபுத்தமிழ் மாலைகளை வீட்டில் ராகம் போட்டு ஓதியவர்கள் உம்மாக்களும் உம்மம்மாக்களும்தானே, எழுத்து அழிந்த வரியைக்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்புறம், பெட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள், நிழலில் காற்றாட விடுங்கள்.

கீழக்கரைவாசி:
லாத்தா சொன்னது சரி, எங்கள் மாமியையும் கேட்டிருக்கிறேன். பெரியபட்டினத்துக்காரரிடம் நேற்று பேசினேன். என் மாலை ஒன்றில் கடைசி நாலு பக்கம் இல்லை, அதே மாலை அவரிடம் முன்பக்கம் இல்லாமல் கிடக்கிறது. முதலில் அதைத்தான் சேர்த்து அச்சிடப் போகிறோம்.