முதல் வெளிநாட்டுப் பயணம்: பத்து நாள்களில் எத்தனை நகரங்கள்?

கேள்வி:
சாப்பாட்டில் பேரார்வம் கொண்ட எங்கள் குடும்பம், 14, 17 வயதுப் பிள்ளைகளுடன், முதன்முறையாக வெளிநாடு செல்லவிருக்கிறது. பத்து நாள்களில் இத்தாலியின் ஐந்து நகரங்களைப் பார்க்க எண்ணியுள்ளோம். அது பிள்ளைகளுக்கு அலைச்சலாகிவிடுமா?

பதில் 1:
ஐந்து வேண்டாம், போலோன்யா, புளோரன்ஸ், ரோம் ஆகிய மூன்றே போதும். அதிவேக ரயிலில் முதல் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 40 நிமிடம், புளோரன்ஸிலிருந்து ரோமுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் என்பதால், ஊர் மாறும் நாளிலும் மதிய உணவைப் பதற்றமின்றி உண்ணலாம். ஒரு நகரில் இறங்கி வேறொரு நகரிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள்.

பதில் 2:
நகரத்துக்கு ஒருவேளை உணவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். போலோன்யாவின் பழைய சந்தைத் தெருவில், கடைக்காரர் மெல்லியதாகச் சீவித் தந்த மொர்தடெல்லா என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சியை என் மகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதிலிருந்த வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளை வியந்து பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அருங்காட்சியகம் எதிலும் அவள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. அங்கே பல உணவகங்கள் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும் என்பதால், மாலையில் கட்டாயம் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

பதில் 3:
ஷெங்கன் பகுதியை (இத்தாலி உட்பட, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பகுதி) விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிட முன்னதாகவே காலாவதியாவதுண்டு; டிக்கெட் எடுக்கும் முன்பே தேதியைப் பார்த்துவிடுங்கள்.