மார்கரெட் காலின்ஸ்: கறையானைப் பேசுவோமா, போராட்டத்தைப் பேசுவோமா?

புற்றுமண்:
மார்கரெட் காலின்ஸ் பற்றி எதைப் படித்தாலும் ‘அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் பூச்சியியலாளர்’ என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே பேருந்துப் புறக்கணிப்புக்குத் தாவிவிடுகிறார்கள். கறையானில் அந்த அம்மா என்ன ஆராய்ந்தார் என்று யாரும் வாய் திறப்பதில்லை. கறையானின் மேல்தோல் மெல்லியது. உலர்ந்த காற்றில் விட்டால் உடம்பின் நீர் வற்றிச் செத்துப்போகும். எந்த இனம் எவ்வளவு வறட்சியைத் தாங்கும் என்பதுதான் அவர் சிகாகோவில் செய்த ஆய்வு. ஓர் இனம் எங்கே பிழைக்கும், எங்கே பிழைக்காது என்பது இதை வைத்துத்தான் புரியும். இதை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

தேன்மொழி:
ஆய்வைச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் இடிக்கிறது. அவருடைய வழிகாட்டி ஆல்ஃபிரட் எமர்சன், கள ஆய்வுக்குப் பெண்கள் வந்தால் தொல்லை என்று நினைத்தவர். பூச்சி படிக்க வந்தவரைக் காட்டுப் பக்கமே விடாவிட்டால் அவர் எதைப் படிப்பார்?

புற்றுமண்:
அதே எமர்சன்தான் ஆய்வகத்தில் பகுதிநேர வேலை கொடுத்தார், தன்னுடைய பெரிய கறையான் சேகரிப்பிலும் வேலை செய்ய விட்டார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கீழைக்காற்று:
ஒரு கையால் கொடுத்து மறு கையால் தடுத்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1956-ல் புளோரிடாவின் தலஹாசி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கான இருக்கையில் உட்கார்ந்ததற்காக, கறுப்பினத்தவர் படித்த புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மாணவிகள் இருவர் கைதானார்கள். கறுப்பின மக்கள் பேருந்துகளில் ஏற மறுத்தார்கள்; புறக்கணிப்பு வெடித்தது. அங்கே ஆசிரியராக இருந்த காலின்ஸ், மக்களைத் தன் காரில் வேலைக்கு ஏற்றிச் சென்றார். போலீசும் எஃப்பிஐயும் அவரைப் பின்தொடர்ந்தன. ‘உயிரியலும் சமத்துவமும்’ பற்றி ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த கூட்டம், வெடிகுண்டு மிரட்டலால் ரத்தானது. மிரட்டல் வந்தது ஓர் உயிரியல் உரைக்கு! இதில் எது அறிவியல், எது போராட்டம் என்று கோடு கிழிக்க முடியுமா?

தேன்மொழி:
அதேதான். 1981-ல் வந்த ‘அறிவியலும் மனித சமத்துவக் கேள்வியும்’ நூலின் தொகுப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். உயிரியலாளராக நின்றுதான் சமத்துவம் பேசினார்.

புற்றுமண்:
சரி, பேசினார். அதற்குப் பிறகும் கறையானை விடவில்லையே! 1989-ல் டேவிட் நிக்கிளுடன் சேர்ந்து புளோரிடாவில் நியோடெர்மெஸ் லுய்க்சி என்ற புதிய கறையான் இனத்தை விவரித்தார். 1996-ல் கேமன் தீவுகளில் கள ஆய்வில் இருந்தபோதுதான் இறந்தார். வெடிகுண்டு மிரட்டலை நீங்கள் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கறையானின் பெயரை நான் சொல்லும்வரை இங்கே ஒருவர்கூட எடுக்கவில்லை. என் கோபமே அதுதான்.