தாத்தா வண்டி சார்ஜ் ஏறல

குழு: கோரிமேடு வீடு

வியாழன்

கார்த்தி, மாலை 6:52
சித்தப்பா, அம்பாசிடர் மறுபடி படுத்துருச்சு. செல்ஃப் போட்டா டக் டக்னு சத்தம் மட்டும்தான். நேத்து ராத்திரி பூரா கடையில சார்ஜ் போட்ட பேட்டரி

செல்வி அத்தை, 6:53
அய்யோ ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை அழைப்புடா

மணி மாமா, 6:55
ஒரு இன்னோவா சொல்லிறலாம்னு அன்னிக்கே சொன்னேன்

செல்வி அத்தை, 6:55
எம்பையன் தாத்தா வண்டியிலதான் வரணும். அப்பா வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்

தனபால் பெரியப்பா, 6:58
பேட்டரி போன தீவாளிக்கு நான் வாங்கிப் போட்டது. புதுசு

மணி மாமா, 6:58
யாரு எவ்வளவு போட்டாங்கங்கற கணக்கு இப்ப வேணாம் மச்சான்

தனபால் பெரியப்பா, 6:59
கணக்கு சொல்லல மாப்ள. புதுசுன்னு சொன்னேன்

முருகேசன் சித்தப்பா, 7:21
கார்த்தி கண்ணு, இன்னொரு பேட்டரி வாங்க ஓடாத. குடத்துல ஓட்டை இல்ல, குழாயில தண்ணி வரல. மொதல்ல வோல்ட் மீட்டர பேட்டரியில வெச்சுப் பாரு. வண்டி ஆஃப்ல கெடக்கறப்ப நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். 12.2ன்னா பாதிதான் இருக்குன்னு அர்த்தம். அப்பறம் பக்கத்து வீட்டு வண்டியிலருந்து ஒயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஒயர எடுத்துட்டு, கொஞ்சம் ரேஸ் குடுத்து அதே எடத்துல மறுபடி பாரு. பதிமூணரைக்கு மேல ஏறணும். ஏறலைன்னா டைனமோ (எஞ்சின் சுத்தறப்ப கரண்ட் தயார் பண்றது), கட்அவுட் (டைனமோவ பேட்டரியோட சேக்கற, பிரிக்கற பெட்டி), ரெண்டுக்கும் நடுவுல போற ஒயர், பெல்ட்டு, இந்த நாலுல ஒண்ணு. இது டைனமோ வண்டி, புது வண்டியில வர்ற ஆல்டர்னேட்டர் இல்ல. ஸ்லோவுல டைனமோ சார்ஜ் பண்ணாது, அதனால ஸ்லோவுல பாத்துட்டு பயப்படாத.

பிரியா, 7:22
அப்பா பாரா பாராவா அனுப்பாதீங்க

கார்த்தி, 7:48
ஆஃப்ல 11.9. ஓடறப்ப 12.1. ரேஸ் குடுத்தாலும் அதே 12.1 சித்தப்பா

மணி மாமா, 7:50
எங்க டிரைவர் சொல்றான், ஓடறப்பவே பேட்டரி ஒயர கழட்டணுமாம். வண்டி நின்னா டைனமோ போச்சுன்னு அர்த்தமாம்

முருகேசன் சித்தப்பா, 7:51
வேண்டாம்

முருகேசன் சித்தப்பா, 7:54
தயவுசெஞ்சு அத யாரும் பண்ணாதீங்க மாமா. ஸ்லோவுல கட்அவுட் பிரிஞ்சுதான் இருக்கும், அப்ப கழட்டுனா நல்ல டைனமோ இருந்தாலும் வண்டி நிக்கும். அதுல ஒண்ணுமே தெரியாது. இதையே ஆல்டர்னேட்டர் வண்டியில பண்ணா வோல்ட் எகிறி உள்ள இருக்கற டயோடு போயிரும். உங்க வண்டியில இனிமே பண்ண விடாதீங்க.

மணி மாமா, 7:55
👍

செல்வி அத்தை, 8:10
அம்மா பக்கத்துல இருக்காங்க. சொல்றத அப்படியே எழுதறேன். "அந்த செவப்பு வெளக்கு அணையுதான்னு கேளு. அது அணைஞ்சாத்தான் உங்கப்பா கியர் போடுவாரு."

முருகேசன் சித்தப்பா, 8:11
அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம். அதேதான்! கார்த்தி, ஸ்பீடோமீட்டர் பக்கத்துல செவப்பு லைட்?

கார்த்தி, 8:13
எவ்வளவு ரேஸ் குடுத்தாலும் எரியுது

பிரியா, 8:14
அப்பாயி சூப்பர் ❤️

செல்வி அத்தை, 8:20
அப்படியே இதுக்கும் ஒரு பதில் சொல்லுங்க. தட்டுவடை செட்டு எத்தன பிளேட் சொல்லட்டும்? குகை ஏரியாவுலருந்து ஆள் வராங்க

தனபால் பெரியப்பா, 8:21
300

மணி மாமா, 8:21
200 போதும்

வெள்ளி

முருகேசன் சித்தப்பா, காலை 6:05
ராத்திரி தூக்கமே வல்ல. கார்த்தி, இன்னிக்கு லீவு போட்டிருக்கன்னு உங்கம்மா சொன்னா. நிதானமா செய். மொதல்ல பெல்ட்ட நடுவுல வெரலால அமுக்கு, அரை இஞ்சுதான் உள்ள போகணும். சரியா இருந்தா டைனமோ பின்னாடி D (கரண்ட் வெளிய வர்ற முனை), F (உள்ள இருக்கற ஃபீல்டு காயில் முனை) ரெண்டுக்கும் ஒயர் வரும், ரெண்டையும் கழட்டி தனித்தனியா டேப் சுத்திரு, பாடியில படக்கூடாது. இப்ப டைனமோவுல இருக்கற D, F ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால சேத்துக் கட்டு. மீட்டர்ல ஒரு முனை அதுல, இன்னொண்ணு டைனமோ பாடியில. ஸ்டார்ட் பண்ணி மெதுவா, மெதுவா ரேஸ் குடு. வோல்ட் தடங்கல் இல்லாம ஏறணும். 20 தொட்டா விட்டுரு, அதுக்கு மேல போனா காயில் வெந்துரும். லுங்கியோட போவாத, ஃபேன் இழுத்துக்கும். பேண்ட் போட்டுக்க.

மணி மாமா, 6:30
🌹 இனிய காலை வணக்கம் 🌹

கார்த்தி, 9:40
பெல்ட்டு ஓகே. மீட்டர் 0. எப்பவாச்சும் 2, 3ன்னு துள்ளி மறுபடி 0

முருகேசன் சித்தப்பா, 9:42
நல்ல சேதி! ஒரு வோல்ட்டுலயே நின்னுருந்தா ஃபீல்டு காயில், நாலு அஞ்சுல நின்னுருந்தா ஆர்மேச்சர், அதாவது உள்ள சுத்தற காயில். அப்படி இருந்திருந்தா காயில் கட்டக் குடுக்கணும், ஞாயித்துக்குள்ள வராது. ஒண்ணுமே காட்டாம துள்ளுதுன்னா ஆர்மேச்சர்லருந்து கரண்ட் எடுக்கற கார்பன் துண்டு சரியா ஒட்டல. டைனமோவ எறக்கு.

தனபால் பெரியப்பா, 9:45
வண்டி ரெண்டு வருசம் ஏற்காடு மலையில நாகலூர் ஷெட்டுல பனியில கெடந்துச்சு. கீழ எறக்கிட்டு வாங்கன்னு அப்பவே சொன்னேன்

செல்வி அத்தை, 9:46
அண்ணா அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாங்க அப்ப. யாரு மலைக்குப் போறது

தனபால் பெரியப்பா, 9:52
சரி விடு

(கார்த்தியோட ஃப்ரெண்டு ஒருத்தன் மாருதி ஆல்டர்னேட்டரே மாட்டிறலாம்ங்கறான்னு பத்து மணிக்கு வந்த யோசனைக்கு சித்தப்பா எழுதுன பதில்:)

முருகேசன் சித்தப்பா, 10:08
மாட்டலாம், நெறைய பேர் மாட்டிருக்காங்க. ஆனா கட்அவுட்ட எடுத்துட்டு ஒயரிங்க மாத்தணும், பிராக்கெட்டு அடிக்கணும். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி செய்யற வேல இல்ல அது. அப்பாவோட டைனமோ இருக்கட்டும்.

கார்த்தி, மதியம் 1:15
பிரிச்சுட்டேன். ஒரு கார்பன் கூட்டுக்குள்ளயே இறுகிக் கெடக்கு, ஸ்பிரிங் தள்ளவே மாட்டேங்குது. இன்னொண்ணு தேஞ்சு கால் இஞ்சு கூட இல்ல. செம்பு வளையம் கரியாட்டம் இருக்கு

முருகேசன் சித்தப்பா, 1:17
செம்ப உப்புத்தாளால தேய், நைஸ் தாள். எமரி வேண்டாம், அந்தத் தூள் கரண்ட் கடத்தும். பட்டைக்குப் பட்டை நடுவுல இருக்கற இடுக்க உடைஞ்ச ஆக்சா பிளேடு துண்டால சுரண்டு. கூட்ட பெட்ரோல் துணியால தொடச்சு, புது கார்பன் ரெண்டும் தானா வழுக்கி எறங்குதான்னு பாத்துட்டு மாட்டு. பழைய ஸ்பேர் விக்கற கடையில கெடைக்கும். மாட்டுனதும் ஒயர கொடுக்கறதுக்கு முன்னாடி பேட்டரி பிளஸ்லருந்து ஒரு ஒயர F-ல ஒரே ஒரு நொடி தொட்டு எடு. நம்ம வண்டி மைனஸ் எர்த்து, அதாவது பேட்டரி மைனஸ்தான் பாடியில. சும்மா கெடந்த டைனமோவுக்கு காந்தம் மறந்திருக்கும், அத ஞாபகப்படுத்தணும்.

பிரியா, 1:20
காந்தம் மறக்குமா 😮

முருகேசன் சித்தப்பா, 1:20
மறக்கும் கண்ணு

கார்த்தி, மாலை 5:31
19 வோல்ட்!! தடங்கல் இல்லாம ஏறுச்சு. எல்லா ஒயரும் குடுத்துட்டேன். ரேஸ்ல பேட்டரியில 13.9

கார்த்தி, 5:31
செவப்பு லைட் அணைஞ்சுருச்சு

செல்வி அத்தை, 5:32
அம்மா அழறாங்க

செல்வி அத்தை, 5:33
வீடியோ எடுத்துப் போடுடா சாமி

மணி மாமா, 5:40
அப்ப இன்னோவா கேன்சல் பண்ணிறவா?

முருகேசன் சித்தப்பா, 6:02
மாமா, ஒரு நிமிசம். ஊர்வலத்துல வண்டி நடக்கற வேகத்துல போகும். அந்த வேகத்துல டைனமோ ஒண்ணுமே குடுக்காது. ஹெட்லைட் ரெண்டும் சேந்து 90 வாட், ஏழரை ஆம்பியர். இக்னீஷன், பின் லைட், சீரியல் செட்டுன்னு சேத்தா 12, 13 ஆம்பியர் வரும். அத்தனையும் பேட்டரிதான் குடுக்கணும். அதனால நாளைக்கு ராத்திரி வெளிய சார்ஜ் போட்டு நெறைச்சு வெச்சிருங்க. அஞ்சு ரோட்டுல தெருவெளக்கு இருக்கு, ஹெட்லைட் வேணாம், பார்க் லைட் போதும். சீரியல் செட்டையும் பாட்டையும் டெம்போ ஜெனரேட்டர்லருந்து எடுங்க. நடுவுல எஞ்சின ஆஃப் பண்ணக் கூடாது. போட்டோ எடுக்கறவங்க கேட்டாலும் கூடாது.

தனபால் பெரியப்பா, 6:04
நாகலூர்ல அப்பா எப்பவும் மூக்க எறக்கத்துப் பக்கம் வெச்சுத்தான் நிறுத்துவாரு. செல்ஃப் எடுக்கலைன்னா உருட்டி விட்ருவாரு. ஏற்காடு ரோட்டு 20 வளைவும் அப்படியே எறங்கிருவாரு

செல்வி அத்தை, 6:05
மண்டபத்துகிட்ட எறக்கம் ஏது அண்ணா

தனபால் பெரியப்பா, 6:06
தாய்மாமன் நாங்க ரெண்டு பேர் இருக்கோமே. தள்ளுவோம்

மணி மாமா, 6:10
நான் இன்னோவாவ ஸ்பேருக்கு வெச்சுக்கறேன். மண்டபத்துல நிக்கட்டும்

செல்வி அத்தை, 6:11
நிக்கட்டும். வெளிய தெரியாம நிறுத்துங்க

கார்த்தி, 6:30
யாரு ஓட்டறது?

கார்த்தி, 6:41
?

செல்வி அத்தை, 6:55
தட்டுவடை 250ன்னு சொல்லிட்டேன்