கார் பெயிண்டில் கீறல்: வீட்டிலேயே பாலிஷ் செய்ய ஆலோசனை தேவை

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடலோரத் தெருவில் நிற்கும் எங்கள் கருநீலக் காரின் பானட்டில், கடற்காற்றில் வந்து படியும் மணல் துடைக்கும்போதெல்லாம் உரசுவதால், வெயிலில் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. கதவிலுள்ள ஒரு கோட்டில் மட்டும் நகம் தட்டுகிறது. அது ஆழமானது என்பதால் பட்டறைக்கே விட்டுவிடுகிறேன். மற்றவற்றை நானே காம்பவுண்டு (கீறலைத் தேய்த்துச் சமன்செய்யும் பசை) தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டு நீக்க விரும்புகிறேன்.

பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் (0.04 முதல் 0.05 மி.மீ.) தடிமனே இருக்கும், எளிதில் தேய்ந்துவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷ் இயந்திரத்தைவிட, சுழன்றபடியே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரே பாதுகாப்பானது என்று அறிவேன். ஆயினும் ஒரு காருக்காக அதை வாங்குவது வீண் செலவாகப் படுகிறது. மைக்ரோஃபைபர் துணியால் கையால் தேய்த்தாலே இக்கீறல்கள் மறையுமா? கழுவிய பின்னும் விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும் துகள்களை அகற்ற, முதலில் கிளே பார் (களிமண் போன்ற துப்புரவுக் கட்டி) அவசியமா? இராமநாதபுரத்தில் பாலிஷர் வாடகைக்குக் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.